வெய்க்கோ மட்டையைக் கீழே போட்ட வருடம்

கெல்மோருக்குப் புதிதாக வருகிறவர்கள் லெம்பியைப் பார்த்ததும் கேட்பது அந்தக் கடைசி நிமிடத்தைப் பற்றித்தான். கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுகூட விடமாட்டார்கள். "நீங்கதானே ஆர்வோவோட சம்சாரம்?" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு முழுக் குளிர்காலத்தை ஒரு நிமிடமாகச் சுருக்கிவிட்டார்களே என்று அவளுக்கு ஒரு குறை. கேட்கிறவருக்கு நின்று கேட்கப் பொறுமை இருந்தால் அவள் அக்டோபரிலிருந்துதான் தொடங்குவாள்.

ஐம்பத்து மூன்றாம் வருடத்து அக்டோபர். நிக்கல் சுரங்கத்தை நம்பியிருந்த அந்தக் கனடிய ஊரில் ஃபின்லாந்துக்காரர்களுக்கு ஒரு கோயில், பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு கோயில். இரு தரப்பும் ஒன்றாக உட்காரும் இடம் பனி அரங்கம் மட்டும்தான். அங்கே 'கெல்மோர் மீன்கொத்திகள்' சம்பளத்துக்குப் பனி ஹாக்கி ஆடினார்கள். பெரிய லீக்கிலிருந்து இறங்கி வந்தவர்களும் அங்கே ஏறிப்போக ஆசைப்பட்டவர்களும் கலந்த அணி.

லெம்பியின் தம்பி வெய்க்கோ ஏறிப்போக ஆசைப்பட்டவன். அம்மா இறந்தபோது அவன் கைக்குழந்தை. லெம்பியே சிறுமிதான், தூக்கி வளர்த்தாள். அவள் ஆர்வோவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது அவனும் ஒரு மூட்டையோடு பின்னாலேயே வந்துவிட்டான். இருபத்தொரு வயதில் அவன் பனியில் ஓடுவதைப் பார்த்தால் தரையில் நடக்கவே பிறக்காதவன் போலிருக்கும்.

மாடி அறையில் அணித்தலைவர் ஃபெர்னான் வாடகைக்கு இருந்தார். கியூபெக்காரர், முப்பத்தாறு வயது. ஒரு காலத்தில் பெரிய லீக்கில் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு இறங்கியவர். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதரின் பெயரைச் சொல்வார். இதுவே கடைசி வருடம் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். "ஒரு கோப்பை, லெம்பி. சின்னதா இருந்தாலும் போதும். கையில பிடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

ஆர்வோ அணியில் இருந்தான் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கும் எந்திரம் ஓட்டுவது அவன் வேலை, மதிய ஷிப்ட். காலையில் அரங்கத்துக்குப் போய் மாற்று கோல்கீப்பராக நிற்பான். அசல் கோல்கீப்பர் இடுப்பு வலி என்று பயிற்சிக்கு எட்டிப்பார்க்க மாட்டார். அதனால் அத்தனை பேர் அடிக்கும் வட்டுகளையும் ஆர்வோதான் வாங்கிக்கொள்வான். கெட்டி ரப்பர் வட்டு அது, பனியில் உறைந்து கல் மாதிரி வரும். அந்த நாளில் கோல்கீப்பர்கள் முகமூடி போடுவதில்லை. ஆட்ட நாட்களில் அவன் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து, ஆட்டக்காரர்கள் உள்ளே வெளியே போகச் சின்னக் கதவைத் திறந்து மூடுவான். அந்தக் கதவுக்கு எண்ணெய் போடுவதும் அவன்தான்.

அவனுக்கும் வெய்க்கோவுக்கும் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. காலைப் பயிற்சியில் வெய்க்கோ ஐந்து கோல் போட்டால் ஆர்வோ தோற்றான், குறைந்தால் வெய்க்கோ; தோற்றவர் கொல்லையிலிருக்கும் சவுனாவுக்கு விறகு வெட்ட வேண்டும். வெந்நீராவியில் உட்கார்ந்து உடம்பைத் தளர்த்தாமல் அந்த வீட்டில் யாரும் தூங்கியதில்லை. விறகு நிறைய வேண்டும்.

"அக்கா, மச்சான் இன்னிக்கு அஞ்சு விட்டுட்டாரு. கோடாலிய எடுத்து வை."

"நாலு," என்பான் ஆர்வோ, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

"அஞ்சாவது உங்க கால்ல பட்டு உள்ள போச்சே?"

"என் கால்ல பட்டா அது நான் போட்ட கோல். உன் கணக்குல எப்படி வரும்?"

ஃபெர்னான் மாடியிலிருந்து தீர்ப்புச் சொல்வார்: "ரெண்டு பேரும் வெட்டுங்க. எனக்குக் குளிருது."

கடைசி இடம்தான் வரும் என்று ஊரே எதிர்பார்த்த அணி, கிறிஸ்துமஸ் தாண்டியதும் ஜெயிக்கத் தொடங்கியது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. பயிற்சியாளர் மெக்ரே தன் திட்டம் என்றார். லெம்பி தன் மீன் குழம்பு என்றாள். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் பேருந்தில் வெப்பம் வராது. ஆட்டக்காரர்களின் மனைவிமார் சேர்ந்து பழைய கோட்டுகளைக் கிழித்துப் போர்வை தைத்துக் கொடுத்தார்கள். ஜனவரியில் ஒருநாள் அந்தப் பேருந்து பனிப்புயலில் புதைந்துபோனது. தோண்டி எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. எதிரணி ஊர்க்காரர்கள் கலையாமல் பாட்டுப் பாடிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள், "முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் அடிச்சுக்கலாம்" என்று பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரமும் ஊறுகாயும் தட்டுத் தட்டாக வைத்தார்கள். மீன்கொத்திகள் வெட்கமில்லாமல் தின்றார்கள். அன்றைக்கு ஒன்பது கோல் வாங்கினார்கள். "நிக்கவே முடியல அக்கா, இதுல எங்க ஓடறது?" என்றான் வெய்க்கோ. அந்த மாதத்தில் அவர்கள் தோற்றது அது ஒன்றில்தான்.

லெம்பிக்கு அந்தக் குளிர்காலம் வாசனையாகத்தான் நினைவிருக்கிறது. அடுப்புக்கு மேலே காயும் கம்பளிக் காலுறைகள், ஈரத்தோல், ஃபெர்னானின் முட்டித் தைலம், அதற்கு நடுவே ஏலக்காய் போட்ட ரொட்டி. வீடு முழுக்க ஆண்களின் சத்தம். பிள்ளை இல்லாத வீடு என்று யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

பிப்ரவரியில் பெரிய லீக்கின் அணி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து, வெய்க்கோ ஆடுவதைத் தொப்பியைக் கழற்றாமல் பார்த்துவிட்டுப் போனார். இறுதிச் சுற்றுக்கு மறுபடி வருவதாகச் சொன்னார் என்று மெக்ரே சொன்னார். அன்று வெய்க்கோ சாப்பிடவில்லை. ஆர்வோ அவன் தட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, "பெரிய ஊருக்குப் போனா விறகு யாருடா வெட்டறது?" என்றான். அப்புறம் எழுந்து வெளியே போய், தன் முறை இல்லாதபோதும் அவனே வெட்டினான்.

இறுதிச் சுற்றில் எதிரணி போர்ட் ஆஷ்டன். ஏழு ஆட்டத் தொடர். ஆளுக்கு மூன்று ஜெயித்து, ஏழாவது கெல்மோரில் வந்து நின்றது. அரங்கத்தின் உத்தரத்தில்கூட ஆள் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவது முடியும் தருவாயில் போர்ட் ஆஷ்டன் இரண்டு, கெல்மோர் ஒன்று. அப்போது கோல் வாசலில் நாலைந்து பேர் குவிந்து விழுந்தார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள், போர்ட் ஆஷ்டனின் கோல்கீப்பர் ஸ்டப்ஸ் எழவில்லை. யாருடைய ஸ்கேட் கத்தியோ அவர் கையில் ஏறியிருந்தது. அவரை நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு அணி ஒரே கோல்கீப்பரைத்தான் கூட்டிவரும் காலம் அது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், உள்ளூர் அணி தன்னிடமிருக்கும் மாற்று ஆளை எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். விதி எல்லோருக்கும் தெரியும். நடந்துதான் யாரும் பார்த்ததில்லை. அரங்கத்தில் எல்லாத் தலையும் மெதுவாகப் பெஞ்சின் கடைசியை நோக்கித் திரும்பின. ஆர்வோ கதவில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

மெக்ரே குனிந்து அவன் காதில் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்பதைப் பிற்பாடு ஆர்வோ சொல்லித்தான் லெம்பிக்குத் தெரியும். "போய் நில்லு. முடிஞ்சதச் செய். ரொம்பக் கஷ்டப்படணும்னு இல்ல."

அவன் போர்ட் ஆஷ்டனின் பச்சைச் சட்டையில் வெளியே வந்தபோது சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு அல்ல. சட்டை அவனுக்கு இறுக்கம். தொப்புள் தெரியும் போலிருந்தது. "ஆர்வோ, எந்தப் பக்கம்னு மறந்துடாதே" என்று யாரோ கத்தினார்கள். "நம்மாளுதான், வழி விட்டுடுவான்" என்றார் லெம்பிக்குப் பின்னால் இருந்தவர், அவள் தோளைத் தட்டி. போர்ட் ஆஷ்டன்காரர்கள் அவனைத் தங்கள் வீட்டுக்குள் வந்த திருடனைப் போலப் பார்த்தார்கள்.

லெம்பி சிரிக்கவில்லை. அவளுக்கு அவனைத் தெரியும். கடைக்காரர் தவறிப்போய்க் கூடுதலாக ஒரு முட்டை வைத்துவிட்டாலும் திரும்ப நடந்து போய்க் கொடுக்கிறவன்.

முதலில் ஃபெர்னான் அடித்ததைக் காலால் தள்ளினான். அடுத்ததைக் கையில் பிடித்தான். மூன்றாவதை விழுந்து மறித்தான். சிரிப்பு குறைந்துகொண்டே வந்து, கடைசிப் பகுதி பாதி போனபோது அரங்கத்தில் ஸ்கேட்டுகள் பனியைக் கீறும் சத்தம் மட்டுமே கேட்டது. ஆறு மாதம் தினமும் இவர்கள் அடித்ததை வாங்கியவன். யார் எப்படி அடிப்பார்கள் என்று உடம்பே தெரிந்து வைத்திருந்தது. பின்னாலிருந்தவர் இப்போது தோளைத் தட்டவில்லை. "இவன் என்ன பண்றான்?" என்றார், அவளைக் கேட்பது போல.

கடைசி நிமிடம் வந்தது. நடுப்பனியில் ஒருவனை ஏமாற்றி வெய்க்கோ வட்டைத் தட்டிக்கொண்டு தனியாகப் பாய்ந்தான். அவனுக்கும் ஆர்வோவுக்கும் நடுவே யாரும் இல்லை. மொத்த அரங்கமும் எழுந்தது. லெம்பியும் எழுந்தாள். தம்பி கோல் போட வேண்டும், புருஷன் அதைத் தடுக்க வேண்டும், இரண்டும் நடக்க வேண்டும் என்று அவள் மனது கேட்டது.

வெய்க்கோ அடித்தான். வட்டு உயர்ந்து ஆர்வோவின் வாயில் பட்டது. அந்தச் சத்தம் மேல்வரிசை வரை கேட்டது. அவன் முகம் குப்புற விழுந்தான். வட்டு அவன் தலைமாட்டில், திறந்து கிடந்த கோல் வாசலுக்கு முன்னால் போய் நின்றது. நடுவர் ஊதவில்லை. ஒரு தட்டு, அவ்வளவுதான். குழந்தையும் தட்டிவிடும்.

வெய்க்கோ மட்டையைக் கீழே போட்டான். கையுறைகளை உதறிவிட்டு முட்டியில் விழுந்து சறுக்கி வந்து, ஆர்வோவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "மச்சான், மச்சான்" என்று அவன் கூப்பிட்டது லெம்பிக்குக் கேட்டது. போர்ட் ஆஷ்டன் ஆள் ஒருவன் வந்து வட்டை ஓரமாக அடித்துத் துரத்தினான். அதற்குப் பிறகுதான் நடுவர் ஊதினார்.

அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு கீழே இறங்கி, மருத்துவ அறைக்குப் போனபோது டாக்டர் ஆர்வோவின் உதட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். அப்போதைய வழக்கம் அது. தையல் முடியும் வரை ஆட்டம் காத்திருக்கும். வெய்க்கோ ஸ்கேட்டைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து நின்றான். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"எத்தனை பல்லு?" என்றாள் லெம்பி.

ஆர்வோ இரண்டு விரலைக் காட்டினான். பிறகு, உதடு அசையாமல், "ஒண்ணு ஏற்கனவே ஆடிட்டுத்தான் இருந்துச்சு" என்றான். வெய்க்கோவைப் பார்த்து, "வட்ட ஏன்டா விட்டே?" என்றான்.

"வாய மூடுங்க மச்சான். தையல் பிரிஞ்சிடும்."

டாக்டர் நூலை வெட்டியதும் ஆர்வோ மேஜையை விட்டு இறங்கினான்.

"எங்க போறே? போதும் ஆர்வோ," என்றாள் லெம்பி.

"இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கே. அங்க யாரு நிப்பா?"

"அது போர்ட் ஆஷ்டன்காரன் கவலை."

அவன் ரத்தம் தெறித்த பச்சைச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "இதப் போட்டாச்சு லெம்பி," என்றான்.

அவன் திரும்பி வந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஃபெர்னான் மட்டும் தன் மட்டையால் பனியைத் தட்டினார். பிறகு இரண்டு அணிகளும் தட்டின. மிச்சமிருந்த நொடிகள் ஓடி முடிந்தன. இரண்டுக்கு ஒன்று, போர்ட் ஆஷ்டன் ஜெயித்தது. அவர்கள் ஆர்வோவைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். கைகுலுக்க இரண்டு வரிசை நின்றபோது, எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் நடுவில் தனியாக நின்றான். ஃபெர்னான் போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தனக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

பெரிய லீக்கின் தொப்பிக்காரர் வெய்க்கோவைப் பார்க்காமலே ரயில் ஏறிவிட்டார். "கிடைச்ச வட்ட விட்டுட்டு ஓடறவன் எங்களுக்கு வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு," என்றார் மெக்ரே. வெய்க்கோ, "சரி" என்றான்.

ஊர் அவர்களோடு பேசுவதை நிறுத்தியது. யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டம். சுரங்கத்தில் ஆர்வோ நுழைந்தால் ஓய்வறையில் பேச்சு நின்றது. ரொட்டிக் கடையில் ஒருத்தி, "போர்ட் ஆஷ்டன்காரங்களுக்கு இங்க என்ன வேணுமாம்?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். வெய்க்கோ வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. தினமும் விறகு வெட்டினான். சவுனா கூரை வரை அடுக்கியும் நிறுத்தவில்லை.

ஏரியில் பனி உடைந்த வாரம் ஃபின்லாந்துக்காரர் மன்றத்தில் வழக்கமான நடனம். ஃபெர்னான்தான் மூவரையும் பிடிவாதமாகக் கூட்டிப்போனார். அவர்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெஞ்சின் மிச்சப் பகுதி காலியாகவே இருந்தது. அக்கார்டியன் இரண்டாவது பாட்டைத் தொடங்கியபோது ஃபெர்னான் எழுந்து, மன்றத்தின் குறுக்கே நொண்டிப் போய், பேசிக்கொண்டிருந்த ஆண்கள் நடுவில் நின்றார். அந்தத் தோல்வியில் எல்லோரையும் விட அதிகம் இழந்தவர் அவர். கடைசி வருடமும் போயிற்று, கோப்பையும் போயிற்று. அதனால் அவர் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் மூடினார்கள்.

"அந்தப் பையன் வட்டப் பாக்கவே இல்ல," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நான் பக்கத்துல இருந்தேன். ரத்தத்தத்தான் பாத்தான். வட்டு எங்க போச்சுன்னு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா போட்டிருப்பான். இதுக்கு மேல யாராவது பேசினா என்கிட்ட பேசுங்க."

பிறகு லெம்பியிடம் வந்து கை நீட்டினார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவர் ஆடியது ஆட்டமே இல்லை, நின்ற இடத்தில் அசைந்தார். பாட்டு முடிவதற்குள் ரொட்டிக் கடைக்காரி ஆர்வோவுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "தையல் ஆறிடுச்சா?" என்று கேட்டாள். ஒருவன் வெய்க்கோவின் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணுல படலேன்னா யாருதான் என்ன பண்ண முடியும்" என்றான்.

அந்தக் கடைசி நிமிடத்தில் ஃபெர்னான் மூச்சு வாங்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்பது லெம்பிக்குத் தெரியும். பனியின் அந்தக் கோடிக்கும் பெஞ்சுக்கும் எவ்வளவு தூரம் என்பதும் தெரியும். "நன்றி" என்று அவர் தோளருகே மெல்லச் சொன்னாள். "கால மிதிக்காதே, அது போதும்," என்றார் அவர்.

ஃபெர்னான் மே மாதம் ஊருக்குப் போய் ஒரு பெட்ரோல் நிலையம் வைத்தார். மீன்கொத்திகள் இன்னும் இரண்டு குளிர்காலம் ஆடினார்கள், பிறகு லீக்கே கலைந்தது. வெய்க்கோவை வேறு யாரும் கூப்பிடவில்லை. மர லாரி ஓட்டினான், ஐலி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான், மூன்று பிள்ளைகள். வருடா வருடம் கோடையில் போர்ட் ஆஷ்டனின் பழைய கோல்கீப்பர் ஸ்டப்ஸ் வருவார். மடங்காத விரல்களோடு அவரும் முன்பல் இல்லாத ஆர்வோவும் ஏரியில் படகில் உட்கார்ந்து, மீன் பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு தூங்குவார்கள்.

ஆர்வோ இறந்து இது இரண்டாவது மார்ச். ஞாயிற்றுக்கிழமைகளில் வெய்க்கோ அக்காவின் வீட்டுக்குச் சவுனாவுக்கு வருகிறான். அவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது, தலை முழுக்க நரை. போன ஞாயிறு குளித்து முடித்து, கழுத்தில் துண்டோடு சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான். "அந்த வட்டு. நான் பாத்தேன்."

லெம்பி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கை நீட்டினா எட்டும். பாத்தேன். அது உள்ள போயிருந்தா என்னாகும்கறதும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் போட்டேன் மட்டைய. ஃபெர்னான் அப்படிச் சொன்னப்புறம் மறுத்துப் பேச வாய் வரல. மச்சான்கிட்டயும் சொல்லல. சொன்னா அவரு கஷ்டப்பட்டிருப்பாரு."

"அவருக்குத் தெரியும்," என்றாள் லெம்பி.

"எப்படி?"

"நான் சொன்னேன். நீ வட்டப் பாத்ததை நான் பாத்துட்டேன்ல. கல்லு மாதிரி நின்னுட்டு ஒரு தடவ பாத்தே, அப்புறம்தான் மட்டையப் போட்டே. அன்னிக்கே வீட்டுக்கு வந்து அவருகிட்ட சொல்லிட்டேன்."

வெய்க்கோ ரொட்டியை அப்படியே பிடித்திருந்தான். நனைந்த பாதி காப்பிக்குள் விழுந்தது. "என்ன சொன்னாரு?"

"சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, பையன்கிட்ட கேக்காதே, அவனா சொன்னா சொல்லட்டும்னாரு." அவள் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். "நீ நாப்பது வருஷமா சொல்லாம இருப்பேன்னு அவரும் நினைக்கல."

"வருத்தமே இல்லேன்னு சொல்லமாட்டேன் அக்கா," என்றான் வெய்க்கோ. "லாரி ஓட்டறப்போ, ரேடியோவுல பெரிய லீக் ஆட்டம் வந்தா, ரெண்டு மூணு வருஷம் அணைச்சுடுவேன். அப்புறம் அணைக்கல. திரும்ப அந்த இடத்துல நின்னா மறுபடியும் அதேதான் செய்வேன். அதுல சந்தேகமே வந்ததில்ல."

"எனக்கும் வந்ததில்ல," என்றாள் லெம்பி.

அவள் அவன் கோப்பையை வாங்கி, ஊறிப்போன ரொட்டியைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாகக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். சாயங்காலம் பெண்கள் அணியின் ஆட்டம் இருந்தது. அவனுடைய கடைசி மகள் அதில் ஆடுகிறாள். இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு, லெம்பி வழுக்காமல் இருக்க அவன் கையைப் பிடித்துக்கொள்ள, அரங்கத்துக்கு நடந்தார்கள்.